தெருமூடி மடமும் வரலாற்று நோக்கும்

ஓர் ஊரின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என வினவினால், ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் சுட்டுவதே வழக்கம். அவை கிடைக்காத ஊர்களுக்கு வரலாறு இல்லை என்ற முடிவும் இவ்வழக்கத்துடன் சேர்ந்தே வந்துவிடுகின்றது. ஈழத்தின் வடபாலுள்ள சிறு பட்டினங்களைப் பொறுத்தவரை இம்முடிவு பெருந்தீங்கு விளைத்துள்ளது எனலாம். அநுராதபுரத்தையும் பொலநறுவையையும் ஒத்த பேரழிபாடுகள் அங்கு இல்லை. சோழநாட்டு விமானங்களை ஒத்த கோயில்களும் இல்லை. எனவே பழமைச் சிறப்பைத் தேடிச் செல்வோர் ஒன்றில் அந்நியர் கட்டிய கோட்டையிடம் செல்கின்றனர். அன்றேல் அரசன் பெயரைத் தாங்கி நிற்கும் ஏதேனுமொரு வளைவிடம் செல்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையிலே மக்கள் நாள்தோறும் கடந்துசெல்லும் மடமும் கேணியும் சுமைதாங்கியும் எவர் கணக்கிலும் வராமலே சிதைந்து போகின்றன. இவற்றைக் கணக்கிற் கொள்ளுமிடத்து, வரலாற்றுச் சின்னம் என்பது யாது என்ற கருத்தே மாற்றம் பெறவேண்டியுள்ளது. அம்மாற்றத்தின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வீதியின் மீது ஒரு கூரை

பருத்தித்துறைப் பட்டினத்திலிருந்து தும்பளைக்குச் செல்லும் வீதியிலே தெருமூடி மடம் என வழங்கும் கட்டடமொன்று உண்டு. மடங்கள் பொதுவாக வீதியோரத்திலே அமைவன. இதுவோ வீதியின் மீதே அமைந்தது. இருமருங்கும் உயர்ந்த திண்ணைகள். திண்ணைகளினின்றும் எழும் கற்றூண்கள். தூண்கள் தாங்கும் கூரை. கூரையின் கீழே ஊர்ப் போக்குவரத்துக்குரிய வீதி. பெயரே அதன் அமைப்பை முழுமையாகச் சொல்லிவிடுகின்றது.

கட்டடக்கலை பற்றி எழுதுவோர் ஒரு கட்டடத்தை அதன் முகப்பைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். கோயிலுக்குக் கோபுரமும், தேவாலயத்துக்கு மணிக்கூண்டும், கோட்டைக்கு வாயிலும் முகப்பாகின்றன. அவ்வளவுகோலைத் தெருமூடி மடத்தின்மீது வைத்தால் அது தோற்றுப்போகும்; அதற்கு முகப்பென ஒன்றில்லை. கதவும் இல்லை. வழிப்போக்கன் மடத்தைத் தேடிச் செல்லவேண்டியதில்லை; அவன் செல்லும் வழியே அவனை மடத்தினுட் கொண்டு சேர்க்கின்றது. இளைப்பாற விரும்பினால் திண்ணையில் ஏறலாம். விரும்பாவிடின் அவ்வளவு தூரமும் நிழலில் நடந்து அப்பாற் செல்லலாம். வெயிலில் நடப்பவனின் தேவையை இவ்வளவு நுண்மையாக உணர்ந்து அமைத்த கட்டடத்தைக் கலைநயமற்றதென ஒதுக்குதல் அளவுகோலின் குறையேயன்றிக் கட்டடத்தின் குறையன்று.

இக்கட்டடத்தை விளங்கிக்கொள்வதற்கு அது நிற்கும் நிலத்தை முதலில் நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மீது படிந்த மென்படையான மண்ணாலானது. அங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை பாறையினூடு இறங்கி நிலத்தடி நீராகின்றது. கிணறும் கேணியும் துரவுமே மக்களுக்கு ஆறாகின்றன. பனை உயர்ந்து வளருமேயன்றிப் பரந்த நிழல் தருவதில்லை. இத்தகைய நிலத்திலே தண்ணீரும் நிழலும் தற்செயலாகக் கிடைப்பவையல்ல. ஒருவர் அமைத்தால் மட்டுமே கிடைப்பவை. நிலத்தைத் தோண்டிப் பெற்ற அதே சுண்ணக்கல்லே தூணாகவும் திண்ணையாகவும் நின்றது. கல்லைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பே சாந்தாயிற்று. பனையே தீராந்தியும் கைமரமும் சிலாகையும் ஆயிற்று. நிலத்தின் குறையை நிலத்தின் பொருளைக் கொண்டே நிரப்பிய கட்டடமரபு இது.

நிலத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்கற்பாலது பொருளாதாரம். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. வடமராட்சித் துறைமுகங்களிலிருந்து பாய்க்கப்பல்கள் தென்னிந்தியக் கரைக்கும் அதற்கப்பாலும் சென்றன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தமை இக்கடல்வளத்தின் இறுதிக்காலச் சான்றாகும். துறைமுகத்தை நோக்கி மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும் பொருள்கள் சென்றன. வல்லிபுரத்தையும் செல்வச்சந்நிதியையும் நோக்கி அடியார்கள் நடந்தனர். இவ்விரு வகையான நடையுமே வடமராட்சி வீதிகளில் மடங்களைத் தோற்றுவித்தன. அரசாணையின் விளைவாக எழுந்தவையல்ல அவை. வணிகத்தாற் சேர்ந்த செல்வமும் அறத்தின்மீது கொண்ட நம்பிக்கையும் கூடிய இடத்தில் எழுந்தவை.

2. 1815 என்னும் எல்லைக்கோடு

இத்தகைய கட்டடங்கள் சட்டத்தின் கண்களுக்கு எவ்வாறு தென்படுகின்றன என்பது அடுத்த வினா. இலங்கையிலே தொல்பொருளியற் பகுதி 1890ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதன் பணிகளுக்குச் சட்டவலு அளித்தது. அச்சட்டம் ‘புராதன நினைவுச் சின்னம்’ என்பதற்கு ஒரு கால எல்லையை விதித்தது. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாயிருத்தல் வேண்டும் என்பதே அவ்வெல்லை.

அத்திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட நாளாகும். கண்டி இராச்சியத்தின் வரலாற்றில் அது ஒரு முடிவு. அதனை எல்லையாகக் கொள்வதற்கு அங்கு நியாயமுண்டு. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அந்நாளில் எதுவும் முடியவுமில்லை, தொடங்கவுமில்லை. யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் பிரித்தானியர் வந்தனர். 1815இல் யாழ்ப்பாணத்தார் இருபது ஆண்டுகளாகப் பிரித்தானியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தனர். ஒரு பிரதேசத்தின் அரசியல் நிகழ்ச்சி முழுத் தீவின் பழமைக்கும் அளவுகோலாக்கப்பட்டபோது, வடபகுதியின் பழமை அதன் சொந்தக் காலக்கணக்கினால் அளக்கப்படும் வாய்ப்பை இழந்தது.

இவ்விழப்பு வெறுங் கொள்கையளவிலானதன்று. போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621ஆம் ஆண்டில் இடித்தனர். குடாநாட்டின் ஏனைய கோயில்களுக்கும் அக்காலத்தில் அதே கதி நேர்ந்தது. ஒல்லாந்தரின் கெடுபிடி தளர்ந்த பிற்காலத்திலேயே கோயில்கள் மீள எழத் தொடங்கின. நல்லூர்க் கோயில் 1734ஆம் ஆண்டு மீளக் கட்டப்பட்டது. கோயிலையொட்டி எழும் மடமும் கேணியும் தேரோடும் வீதியும் அதன் பின்னரே வளர்ச்சி பெற்றன. எனவே வடபகுதிச் சிறு பட்டினங்களின் பொதுக் கட்டடங்களுட் பல பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியனவாய் அமைந்ததில் வியப்பில்லை. அழிக்கப்பட்டமையாற் புதிதாயினவற்றைப் புதியன என்பதனாற் புறக்கணிப்பது இரட்டைத் தண்டனையாகும்.

சட்டம் முற்றாகக் கதவடைத்துவிட்டது என்பதும் பொருந்தாது. 1815க்குப் பிற்பட்ட கட்டடத்தையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக வர்த்தமானி அறிவித்தல் மூலம் பிரகடனஞ் செய்ய அதே சட்டம் இடமளிக்கின்றது. முற்பட்டவை பழமையின் வலிமையாலேயே பாதுகாப்புப் பெற, பிற்பட்டவற்றுக்காக ஒருவர் வாதாடவேண்டியுள்ளது என்பதே வேறுபாடு. வாதாடுவதற்குரிய தரவுகள், அதாவது அளவைப் படங்களும் உறுதிப் பத்திரங்களும் வாய்மொழிச் சான்றுகளும், ஊரவர் கையிலேயே இருக்கின்றன. அவற்றை எவரும் தொகுக்காதவிடத்துச் சட்டம் தந்த வாயிலும் பயனற்றதாகின்றது.

ஒரு கட்டடத்தின் பெறுமதி அதன் வயதினால் மட்டும் அளக்கத்தக்கதன்று என்பதற்கு யாழ்ப்பாணத்துப் பொதுசன நூலகமே போதிய சான்று. 1959ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அக்கட்டடம் 1981ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1ஆம் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவிலே ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டபோது அதன் வயது இருபத்திரண்டு மட்டுமே. அக்கட்டடம் புராதனமானதன்று என்ற காரணத்தால் எவருடைய துயரமும் குறைந்துவிடவில்லை. சமூகமொன்று தன் பொதுவாழ்வை எதனுள் வைத்திருந்ததோ அதுவே அதன் வரலாற்றுச் சின்னம் என்பதை அவ்விரவு உணர்த்திற்று.

3. அரசனைத் தேடும் பழக்கம்

குறை சட்டத்திடம் மட்டுமே உள்ளது எனக் கூறித் தப்பித்துக்கொள்ள இயலாது. ஊரவரின் வரலாற்றுணர்விலும் அதற்கிணையான குறையொன்று காணப்படுகின்றது. பழங்கட்டடம் எதைக் கண்டாலும் அதற்கு அரசனொருவனைத் தேடுவதே அக்குறை.

நல்லூரிலுள்ள மந்திரிமனை இதற்குத் தக்க உதாரணம். அதன் பெயர் யாழ்ப்பாண அரசரின் அமைச்சர் ஒருவரின் இல்லம் என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றது. கட்டடமோ வேறொன்றைப் பேசுகின்றது. அதன் வளைவுகளிலும் தூண்களிலும் ஐரோப்பியப் பாணியும் உள்ளூர்த் தச்சரின் மரவேலையும் கலந்து நிற்கின்றன. 1619இல் அரசு வீழ்ந்த பின்னர், அந்நியப் பாணிகளை உள்வாங்கிய சமூகமொன்றின் கைவண்ணமே அங்கு காணப்படுவது. சங்கிலியன் தோப்பு வளைவைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். அதன் அரைவட்ட வளைவும் சுதையாலான சுவர்த்தூண்களும் ஐரோப்பியத் தொடர்பின் பின் வந்தவை. ஆயினும் அதனை இறுதி மன்னனின் மாளிகை வாயிலாகக் காட்டும் வழக்கம் மாறவில்லை.

இவ்வாறு கூறுவது அக்கட்டடங்களைத் தாழ்த்துவதாகாது. அவை உண்மையிற் கூறும் செய்தி, கட்டிவிடப்பட்ட கதையினும் பெறுமதி வாய்ந்தது. ஆட்சியிழந்த ஒரு சமூகம் ஆள்வோரின் வளைவைக் கற்றுத் தன் கொத்தரையும் தச்சரையும் கொண்டு தனக்கேற்றவாறு அமைத்துக்கொண்டது என்பதே அச்செய்தி. அரசன் பெயரைச் சூட்டும்போது அக்கொத்தரும் தச்சரும் மறைந்துவிடுகின்றனர். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்திலே, ஆள்வோரின் வேண்டுகோளின் பேரில் எழுந்தது. அரசரின் வரன்முறையை உரைப்பது அந்நூலின் நோக்கமாயிருந்தமை இயல்பே. அதே நோக்கம் இன்றைய கோயில் மலர்களிலும் பாடசாலை நூற்றாண்டு மலர்களிலும் மாற்றமின்றித் தொடர்வதற்குத்தான் நியாயமில்லை. ஊர்ப் பெயருக்கு அரசன் காலத்து விளக்கந் தேடப் பல பக்கங்கள் செலவாகின்றன. ஊர் நடுவிலுள்ள மடத்துக்கு ஒரு பந்தியும் கிடைப்பதில்லை.

கோட்டைகளின் நிலை இதற்கு மறுதலையானது. யாழ்ப்பாணக் கோட்டை 1990ஆம் ஆண்டுப் போரிற் பெரிதும் சிதைந்தது. 1706இல் அதனுட் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயமும் அழிந்தது. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் நெதர்லாந்தின் உதவியுடன் புனரமைப்புப் பணிகள் நடைபெற்றன. ஊர்காவற்றுறைக்கு அண்மையிற் கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டை கடற்படையினரின் விடுதியாயிற்று. கோட்டைக்கு உரிமை பாராட்டப் பழைய ஆட்சியாளரின் நாடு உண்டு. பயன்படுத்தப் புதிய ஆட்சியாளரின் படை உண்டு. பார்க்க உல்லாசப் பயணிகள் உண்டு. மடத்துக்கு இம்மூவரும் இல்லை. அதற்கிருந்தோர் வழிப்போக்கர் மட்டுமே.

4. பெயரற்றோரின் சின்னங்கள்

மடத்துடன் சேர்த்து எண்ணத்தக்க வேறு சிலவும் உள. அவற்றுள் முதன்மையானது சுமைதாங்கி. நிறுத்திய கற்களின் மீது குறுக்காகக் கிடத்திய ஒரு கல், அமைப்பு அவ்வளவே. தலைச்சுமையுடன் வருபவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கிவைக்கவும், இளைப்பாறிய பின் தாமே மீண்டும் தலைக்கேற்றவும் ஏற்ற உயரத்தில் அது அமைந்திருக்கும். கோயிற் சிற்பத்துக்குத் தாலம் அளவு. கோட்டைக்குப் பீரங்கிக் குண்டின் வீச்சு அளவு. சுமைதாங்கிக்குச் சுமப்பவரின் உடலே அளவு. உழைப்பவரின் உடலை அளவாகக் கொண்டு எழுந்த பொதுச்சின்னங்கள் உலகில் மிகச் சிலவே.

சுமைதாங்கி யார் நினைவாக எழுந்தது என்பதும் சிந்திக்கற்பாலது. கருவுற்றிருக்கையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுதல் தமிழர் வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே மாண்டவளின் பெயரால் பிறரின் சுமையை இறக்கிவைக்க இடஞ்செய்வது அவ்வழக்கத்தின் கருத்து. சில கற்களிற் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும், பலவற்றில் அதுவுமில்லை. பேறுகாலச் சாவு பரவலாயிருந்த ஒரு காலத்தின் துயரக்கணக்கை இக்கற்களே வைத்திருக்கின்றன. அரசரின் வெற்றியைக் கூறும் கல்லுக்குப் படியெடுத்துப் பதிப்பித்து உரை வகுக்கும் புலமை, இக்கற்களின் பக்கம் திரும்பாதிருத்தல் பெருங்குறை. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொற்சாசனத்தின் மொழியையும் வாசகத்தையும் பற்றி அறிஞர் பலர் வாதிட்டுள்ளனர். அவ்வாதம் வேண்டியதே. அதே வல்லிபுரத்துக்கு நடந்துசென்றோர் இளைப்பாறிய கற்களைப் பற்றி வாதிடுவாரைக் காண்பது அரிது.

ஆவுரோஞ்சிக் கல்லும் இவ்வரிசையைச் சேர்ந்தது. நீர்த் தொட்டிக்கும் கேணிக்கும் அண்மையிலே கால்நடைகள் தம் உடலை உரோஞ்சிக்கொள்வதற்காக நாட்டிய கல் அது. வாய்பேசா உயிரின் தினவைக்கூடப் பொதுநன்மையின் பாற்படுத்திச் சிந்தித்தமை குறிப்பிடத்தக்கது. வீட்டு வாயிலிலே கூரையிட்டு அமைத்த சங்கடப்படலையும் அவ்வாறே. வளவுக்குள் நுழையாத அயலவரும் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடந்தருவது அது. தனியார் உடைமையின் எல்லையிலேயே பொதுமைக்கு ஓரிடம் ஒதுக்கப்பட்டமையை அதிற் காணலாம்.

மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல், சங்கடப்படலை ஆகியவற்றைத் தனித்தனியே நோக்கினால் அவை சிறியனவாகவே தோன்றும். ஒருங்குசேர்த்து நோக்கினால் அவை ஒரு முழுமையான ஒழுங்கமைப்பு. நடந்து செல்லும் சமூகமொன்று நடப்பவர்க்காகத் தன் நிலப்பரப்பு முழுவதும் விரித்த வசதிகளின் வலை அது. ஆகவே ஒரு கல்லை அகற்றுவது வலையின் ஓர் இழையை அறுப்பதாகும்.

5. திண்ணையில் அமர்ந்தோரும் அமராதோரும்

இவ்வளவையும் கூறியபின் பழமையைப் புகழ்ந்து முடித்துவிடுதல் எளிது. அவ்வாறு முடிப்பின் திறனாய்வு பாதிவழியில் நின்றுவிடும். அறம் எனப் பெயர்பெற்ற இக்கட்டடங்கள் எத்தகைய சமூக உறவுகளின் நடுவே நின்றன என்பதையும் கேட்டாகவேண்டும்.

மடங்களையும் கேணிகளையும் அமைத்தோர் நிலவுடைமையும் வணிகமும் கைக்கொண்டிருந்தோர். கல் அகழ்ந்தோரும், சுண்ணாம்பு சுட்டோரும், தூண் சுமந்தோரும் வேறு பிரிவினர். யாழ்ப்பாணச் சமூகத்திலே பஞ்சமர் என ஒதுக்கப்பட்டோருக்குக் கோயிலும் பொதுக்கிணறும் தேநீர்க்கடை இருக்கையும் நீண்டகாலம் மறுக்கப்பட்டிருந்தன. தண்ணீர் அள்ளித்தருவோர் வரும்வரை கிணற்றடியிற் காத்து நின்ற மக்களின் அனுபவம் யாவரும் அறிந்தது. கே. டானியல் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட பஞ்சமர் நாவல் இவ்வனுபவத்தைத் தமிழ் இலக்கியத்தினுட் கொண்டுவந்தது. இத்தகைய சமூகத்திலே மடத்துத் திண்ணை மட்டும் அனைவர்க்கும் சமமாக இருந்திருக்கும் எனக் கருத இடமில்லை.

வீதியின் மீது கூரையிட்ட கட்டடத்தை இந்நோக்கில் மீண்டும் பார்ப்பின் அதன் அமைப்பே ஒரு வினாவாக மாறுகின்றது. கூரையின் நிழல் வீதியிற் சென்ற அனைவர்மீதும் விழுந்தது. திண்ணை அவ்வாறு அனைவரையும் ஏற்றதா? நிழல் பொதுவாகவும் இருக்கை சிலர்க்காகவும் இருந்த ஓர் ஒழுங்கின் வரைபடமாகவும் ஒரு மடம் இருத்தல் கூடும். இவ்வினாவை எழுப்பாது மடங்களைத் தமிழர் விருந்தோம்பலின் சின்னம் எனப் போற்றுவது, திண்ணையில் அமர்ந்தோரின் நினைவை மட்டுமே வரலாறாக்குவதாகும்.

அதே வேளையில், இக்காரணத்தால் மடங்களைக் கைவிட வேண்டும் என்பதும் தவறான முடிவு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்ததேயன்றித் தடைகள் நீங்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் மாவிட்டபுரம் முதலிய கோயில் வாயில்களிலும் நிகழ்ந்த போராட்டங்களுமே அவற்றைத் தகர்த்தன. பொது என்ற சொல்லுக்கு முழுப்பொருளை வழங்கியவர்கள் அப்போராட்டங்களை நடத்தியவர்களே. எனவே ஒரு மடத்தின் வரலாறு அதனைக் கட்டியவரின் பெயருடன் முற்றுப்பெறுவதில்லை. அதில் ஏறி அமரும் உரிமையை வென்றெடுத்தவரின் வரலாறும் அம்மடத்துக்குரியதே. இவ்விரண்டையும் தாங்கும் கட்டடம் இடிந்தால், முதலாவது மலர்களில் எஞ்சும். இரண்டாவது எழுதப்படாமலே மறையும்.

6. அழிவும் திருத்தமும்

இச்சின்னங்கள் பல வழிகளால் அழிந்தன. முதலாவது வழி அமைதியானது. பஸ் வண்டியும் லொறியும் வந்தபின் சுமையுடன் நடப்பவர் அருகினர். பயன் நீங்கிய பொருள் பராமரிப்பை இழந்தது. வீதி அகலிக்கப்பட்டபோது சுமைதாங்கியே முதலில் அகற்றப்பட்டது. தெருமூடி மடம் போன்றதொரு கட்டடத்தின் கீழே உயரமான வாகனம் செல்லவியலாது என்பதும் மறுக்கவியலாத உண்மை. ஆயினும் வாகனத்துக்கு வேறு பாதை அமைக்கலாம். மடத்துக்கு வேறு வீதி இல்லை. அதன் பொருளே அது நிற்கும் இடத்திற் பொதிந்திருத்தலால் அதனைப் பெயர்த்து நிறுவுவது அழிப்பதற்குச் சமம்.

இரண்டாவது வழி போர். 1987ஆம் ஆண்டு வடமராட்சியில் நடைபெற்ற படை நடவடிக்கையும், 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டமையும், 1995இல் நிகழ்ந்த பேரிடப்பெயர்வும் ஊர்களை மட்டுமன்றி ஊர் நினைவையும் சிதைத்தன. பிதிர்க்கடன் செய்வோர் தங்கிய கீரிமலை மடங்கள் நெடுங்காலம் எவரும் அணுகவியலாத வலயத்தினுட் கிடந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை கரையோரப் பட்டினங்களுக்கு மேலும் ஓர் அடி கொடுத்தது.

மூன்றாவது வழி திருத்தம் என்ற பெயரில் வருவது. இன்று மிகுந்த கவனத்துக்குரியது இதுவே. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. சீமெந்துப் பூச்சு அவ்வாறன்று. அது ஈரத்தை உள்ளே தடுத்து வைத்துவிடுகின்றது. கடற்காற்று வீசும் ஊர்களில் அவ்வீரத்துடன் உப்பும் சேர்கின்றது. வெளியேற வழியற்ற உப்பு கல்லினுள்ளே பளிங்குருப் பெற்று, கல்லைப் பொருக்குப் பொருக்காக உதிரச் செய்கின்றது. புதுப்பிக்கப்பட்டதென மகிழ்ந்த சுவர் சில ஆண்டுகளில் முன்னையினும் விரைவாகச் சிதைவதன் காரணம் இதுவே. காங்கேசன்துறையிலே 1950ஆம் ஆண்டு சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கப்பட்டபின், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லே சீமெந்தாகித் தன் முன்னைய கட்டடமரபை மூடியது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அதன்மேல் மெருகோடு பதித்து, வண்ண மை பூசி, உபகரித்தோர் பெயரைச் சலவைக்கல்லிற் பொறித்துவிட்டால் மடம் காப்பாற்றப்பட்டதாகக் கருதப்படுகின்றது. கடல்கடந்து வாழ்வோர் அனுப்பும் பணம் நன்னோக்குடன் வருவதே. வழிகாட்டும் அறிவு உடன் வராதவிடத்து அதுவே கேடாகின்றது.

ஆனந்த குமாரசுவாமி 1905ஆம் ஆண்டில் கண்டிப் பிரதானிகளை விளித்துத் திறந்த மடலொன்று எழுதினார். பழங்கட்டடங்களின் பேணுகையிற் காட்டப்பட்ட அசிரத்தை அவரை எழுதத் தூண்டிற்று. 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் அவரது நூல் கைவினைஞரின் தொழில்முறைகளையும் விரிவாகப் பதிவு செய்தது. கட்டடத்தைக் காப்பதென்பது அதனைக் கட்டும் அறிவைக் காப்பது என அவர் கண்டார். யாழ்ப்பாணத்துக் கொத்தர், தச்சர் தொழில்களுக்கும் அத்தகையதொரு நூல் வேண்டற்பாலது. சுண்ணாம்பை எவ்வளவு காலம் புளிக்கவைப்பது, எதனுடன் சேர்த்து அரைப்பது, பனையில் எப்பகுதி தீராந்திக்கு உகந்தது என்பவற்றை அறிந்த முதியோர் மறைந்த பின்னர், எவ்வளவு பணம் செலவிட்டும் ஒரு மடத்தைத் திருத்துதல் இயலாது.

7. செய்யத்தக்கது

முற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று பணிகள் புலனாகின்றன. முதலாவது, ஊர்தோறும் இச்சின்னங்களை அளந்து, வரைந்து, பொறிப்புக்களைப் படியெடுத்து, அவை நிற்கும் இடத்தைப் படத்திற் குறித்து வைத்தல். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள ஒரு மடத்தையோ கேணியையோ சுமைதாங்கியையோ பதிவு செய்தால், சில ஆண்டுகளிலேயே பெருந்தொகுதியொன்று உருவாகும். வரலாறும் புவியியலும் தமிழும் கற்போர் ஒருங்கிணையவேண்டிய பணி இது. சட்டத்தின் முன் வாதாடுவதற்கு வேண்டிய தரவும் இவ்வழியே கிடைக்கும்.

இரண்டாவது, பயன்பாட்டினை மீட்டல். ஆளில்லாத கட்டடத்தை வேலியிட்டுக் காத்தல் நெடுநாள் நிலைக்காது. பஸ் வண்டிக்குக் காத்திருப்போருக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கும், பாதயாத்திரை செல்வோருக்கும் நிழல் இன்றும் வேண்டியதே. பழைய மடத்தருகே சீமெந்தில் ஒரு தரிப்பிடத்தைக் கட்டுவதினும் மடத்தையே தரிப்பிடமாக்குதல் செலவிலும் குறைந்தது, பொருளிலும் மிகுந்தது.

மூன்றாவது பணியே காலத்தால் அவசரமானது. 1966இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதை அண்மித்தவர்கள். சுமையுடன் நடந்ததையும், திண்ணையில் இருந்ததையும், இருக்க விடாமல் எழுப்பப்பட்டதையும் நேரிற் கண்டு கூறவல்லோர் அவர்களே. கல்லை அடுத்த தலைமுறையும் அளக்கலாம். இச்சாட்சியத்தை அடுத்த தலைமுறை பெறவியலாது. கட்டியவரின் வழித்தோன்றல்களிடம் மட்டும் சென்று கேட்பின் பழைய பிழையே மீண்டும் நிகழும். கல்லுடைத்தவரின் பிள்ளைகளிடமும், கிணற்றடியிற் காத்து நின்றவரிடமும் சென்று கேட்டல் வேண்டும்.

தெருமூடி மடத்தின் கீழாக வீதி இன்றும் செல்கின்றது. அதனூடு செல்வோர் ஒரு கணம் நிழலுக்குள் வந்து மீண்டும் வெயிலுக்குட் செல்கின்றனர். அந்நிழலை அமைத்தவர் யார், அதற்கெனக் கல் சுமந்தவர் யார், அத்திண்ணையில் அமர முடியாது போனவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கூறத்தக்க ஊர் வரலாறே இனி எழுதப்படவேண்டியது. அதனை எழுதும் கடமை கற்றோருடையது. எழுதுவதற்கு எஞ்சியுள்ள காலமோ சிறிது.